ஆந்த்ரப்ரனர், பிசினஸ்மேன்

வணிகத்தில் ஈடுபடுவோரைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். தமிழில் முன்னவரைத் தொழில்முனைவோர் என்றும் பின்னவரை வணிகர், தொழிலதிபர் என்றும் வழங்குகிறோம். புதிதாகத் தொடங்குபவர் ஒருவர், நடக்கும் தொழிலை நடத்திச் செல்பவர் மற்றவர் என்ற இன்றைய வேறுபாடு 20ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

ஆந்த்ரப்ரனர் பிரெஞ்சுச் சொல். கோட்டை, பாலம், சாலை முதலியவற்றை அரசுக்குக் கட்டித்தர ஒப்புக்கொண்ட காண்ட்ராக்டர்களைப் பிரான்சில் அப்படி அழைத்தார்கள். அதைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் கான்டில்லான். அயர்லாந்தில் பிறந்து பாரிசில் வங்கி நடத்தியவர். 1720இல் மிசிசிப்பி கம்பெனிப் பங்குகள் சரியுமுன் லாபத்தோடு வெளியேறியவர். நிச்சயமின்மை பற்றி எழுத அவரைவிடத் தகுதியானவர் குறைவு. அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1755இல் அவருடைய பொருளியல் நூல் அச்சேறியது. தெரிந்த விலைக்கு வாங்கி, என்ன விலை போகும் என்று தெரியாமல் விற்பவரே அவருக்கு ஆந்த்ரப்ரனர். வருமானம் நிலையில்லாத எல்லோரையும் அதில் சேர்த்தார்: உழவர், கடைக்காரர், பிச்சைக்காரர், திருடர்கூட. இந்தக் கணக்கில் வணிகருக்கும் முனைவோருக்கும் வேறுபாடே இல்லை.

1803இல் பிரெஞ்சுப் பொருளியலாளர் ஜான் பாப்டிஸ்ட் சே ஆந்த்ரப்ரனரை, நிலத்தையும் உழைப்பையும் மூலதனத்தையும் இணைத்து உற்பத்தியை நடத்துபவர் என்று வரையறுத்தார். அவரே பஞ்சாலை நடத்தியவர். அவர் நூலை 1821இல் ஆங்கிலமாக்கியவர் சொல் கிடைக்காமல் ‘அட்வென்சரர்’ என்று எழுதினார். நேரான ஆங்கிலச் சொல்லான ‘அண்டர்டேக்கர்’ ஏற்கெனவே சவ அடக்கம் நடத்துபவருக்குப் போயிருந்தது. 1848இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் இப்பொருளில் பழகிய ஆங்கிலச் சொல் இல்லையே என்று வருந்தினார். கடைசியில் ஆங்கிலம் பிரெஞ்சுச் சொல்லையே எடுத்துக்கொண்டது. அங்கே முதலில் அது குறித்தது இசை, நாடக நிகழ்ச்சிகளை ஏற்று நடத்துபவர்களை.

முனைவோரையும் வணிகரையும் பிரித்தவர் ஆஸ்திரியப் பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர். புதிய பொருள், புதிய செய்முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள் வழி, புதிய தொழில் அமைப்பு ஆகியவற்றில் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவருபவரே ஆந்த்ரப்ரனர் என்றார், 1911இல். நட்டத்தைத் தாங்குவது முதலீட்டாளரின் வேலை என்று கான்டில்லானின் அளவுகோலையே தள்ளிவைத்தார். தொடங்கிய தொழிலை வழக்கம்போல நடத்த உட்கார்ந்துவிட்டால் அந்தத் தகுதி போய்விடும் என்பது அவர் கருத்து. இதைத்தான் இன்றைய ஸ்டார்ட்அப் பேச்சு மறந்துவிட்டது. அங்கே அது ஆயுட்காலப் பட்டம்.

அரசுத் திட்டங்களுக்கு வேறு அளவுகோல். தமிழ்நாட்டில் 2012இல் வந்த ‘நீட்ஸ்’ திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. புதுமையைவிட, குடும்பத்தில் முன்பு யாரும் தொழில் செய்யவில்லை என்பதற்கே அங்கே எடை அதிகம்.