நர்ஸ் பிராக்டிஷனர்: தாலுகா மருத்துவமனையில் ஓர் இடம்

மருத்துவரின் பணிகள் சிலவற்றைச் செய்யக் கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியரான நர்ஸ் பிராக்டிஷனர்களை உருவாக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. இந்திய நர்சிங் கவுன்சிலும் பி.எஸ்சி. செவிலியருக்கென ஈராண்டு முதுநிலைப் படிப்பொன்றைத் தீவிர சிகிச்சைத் துறையில் கொண்டுவந்தது. தொடங்கிய துறையே பொருந்தவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். வெண்டிலேட்டர் உள்ள இடத்தில் மருத்துவரும் இருப்பார். 1965-இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் இப்பயிற்சியை முதன்முதலில் தொடங்கியபோது, மருத்துவர் எட்டாத குழந்தைகளின் நலத்தையே முன்னிறுத்தினார்கள்.

நம்மிடம் அதற்கு நிகரான இடம் சங்கரன்கோவில் போன்ற தாலுகா ஊர். 2019 நவம்பரில் நெல்லையிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது அது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோதும் தென்காசிக்கு ஒன்று வாய்க்கவில்லை. நோய் சற்று முற்றினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். விசைத்தறித் தொழிலாளிக்கு அன்றைய கூலி போச்சு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ மட்டும் மருத்துவர் வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனரிடம் ஒப்படைக்கத்தக்க வேலை அது.

சட்டத்தின் போக்கு இங்கே விசித்திரமானது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி மருந்துச் சீட்டெழுத உரியவர் பதிவுபெற்ற மருத்துவர். அதே விதிகளின் ‘கே’ அட்டவணையோ, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் அரசுத் திட்ட மருந்துகளை வழங்க விலக்களிக்கிறது. ஆக, கிராமத்தில் மருந்தை எடுத்துக் கொடுக்கலாம். முதுநிலைப் பட்டம் பெற்ற பின்னும் சீட்டெழுதக் கூடாது! 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, சமூக சுகாதாரப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் வழங்க வழிசெய்தபோது இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தெழுந்தது. அரைகுறை வைத்தியம் பெருகும் என்ற அச்சத்தைப் புறந்தள்ள முடியாதுதான். ஆனால் தமிழகத்தின் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவுப் பிரசவங்களைப் பார்ப்பவர்கள் சுழற்சிமுறைச் செவிலியரே. எதைத் தாமே பார்ப்பது, எதை மேலே அனுப்புவது என்ற வரையறை தெளிவாக இருந்தால் போதும் என்பதை அவர்கள் முன்னரே காட்டிவிட்டார்கள்.

பதவி உயர்வின் நிலை இன்னும் மோசம். பணிமூப்பால் செவிலியர் கண்காணிப்பாளர் ஆகிறவர் நோயாளியின் படுக்கையை விட்டுப் பணிப்பட்டியலுக்கும் பதிவேட்டுக்கும் போகிறார். கைத்தேர்ச்சி கூடக் கூட நோயாளியிடமிருந்து விலக்கும் ஏணி இது. தாலுகா மருத்துவமனையின் தொற்றாநோய்ப் பிரிவில், குறிப்பிட்ட மருந்துகளுக்குச் சீட்டெழுதும் உரிமையுடன் நர்ஸ் பிராக்டிஷனர் பணியிடம் அமைந்தால், நோயாளிகளுடன் இருந்தபடியே உயரும் வழி பிறக்கும்.

அப்பணியிடம் எந்த ஊதியத்தில் அமையும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வெழுதி வந்த செவிலியரை அரசு மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் சேர்த்தது. நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. புதிய பணியிடத்தையும் அப்படி நிரப்பினால், படித்தவர் வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ போய்விடுவார், அவர்மேல் குற்றமில்லை. எனவே பணியிடங்களை உருவாக்கும் அரசாணையிலேயே, செவிலியர் நிலைக்கு மேலான காலமுறை ஊதியம் இடம்பெற வேண்டும்.