நாட்குறிப்பைக் கையிலேந்தி ஒரு நகர்வலம்



நம் பக்கத்துப் பள்ளிகளில் புதுச்சேரிக்குச் சுற்றுலா வராத பள்ளி ஒன்றைக் காண்பது அரிது. காலையில் பேருந்து வந்து நிற்கும். ஆசிரியர் முன்னே நடக்க, மாணவர் இரண்டிரண்டு பேராகப் பின்தொடர்வர். கடற்கரை, காந்தியடிகள் சிலை, பழைய கலங்கரை விளக்கம், பாரதி பூங்கா, அரும்பொருளகம் என்று வரிசையாகக் கண்டு, மாலையில் கடலை கொறித்தபடி ஊர் திரும்புவர். மறுநாள் தமிழ் வகுப்பிலே, "நான் கண்ட புதுச்சேரி" என்று கட்டுரை எழுதச் சொல்லுவோம். நாற்பது ஏடுகள் வந்து குவியும். நாற்பதிலும் ஒரே கட்டுரைதான் இருக்கும். அதற்கு மாணவரைக் குறை கூறிப் பயனில்லை. குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவர்களே நாங்கள்தாம்.

1985ஆம் ஆண்டில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் வரலாறும் தமிழும் கற்பித்து வந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவரை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்திருந்தேன். திரும்பிச் சென்றபின் வந்த ஏடுகளுள் ஒன்று மட்டும் வேறாக இருந்தது. அம்மாணவன் கலங்கரை விளக்கத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பெரிய மார்க்கெட்டில் அன்று காலை வஞ்சிரம் என்ன விலை, நெத்திலி என்ன விலை, எந்தக் கிழவி எந்தக் கிழவியோடு எதற்காகச் சண்டையிட்டாள், காவலர் தலையில் சிவப்புத் தொப்பி ஏன் என்று கேட்டபோது கடைக்காரர் ஒருவர் என்ன விடை சொன்னார் என்பனவெல்லாம் அதில் இருந்தன. நான் சிவப்பு மையால், "பொருளை விட்டு விலகியது" என்று எழுதிப் பத்துக்கு நான்கு மதிப்பெண் இட்டேன். அந்த நான்கும் கையெழுத்து நன்றாக இருந்ததற்காக.

அந்த மதிப்பெண் தவறு என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. தெரிவித்தவர் 1761இல் மறைந்த ஒருவர்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைப் பாடநூலில் கண்டிருப்பீர்கள். "துய்ப்ளேயின் துபாசி" என்ற ஒற்றை வரியோடு பாடநூல் அவரை விட்டுவிடும். துபாசி என்பது இரு மொழி அறிந்தவர் என்னும் பொருளுடைய சொல். ஆயினும் அவர்களுடைய வேலை பேச்சை மொழிபெயர்ப்பதோடு நிற்கவில்லை. பிரெஞ்சுக் கும்பினிக்கு வேண்டிய துணியை நெசவாளரிடமும் வணிகரிடமும் பேசி வாங்குவது, நவாபுகளோடு கடிதப் போக்குவரத்து நடத்துவது, ஊர் வழக்குகளைத் தீர்ப்பது ஆகிய யாவும் அவர்கள் கையில் இருந்தன. அது செல்வம் தந்த பதவி. ஆபத்தும் தந்த பதவி. பிள்ளையவர்களின் மாமன் நைனியப்ப பிள்ளை இப்பதவியிலிருந்து வீழ்த்தப்பட்டு, 1717இல் சிறையிலேயே உயிர்துறந்தார். இதனை அறிந்த குடும்பத்திலேதான் ஆனந்தரங்கர் வளர்ந்தார்.

1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்து, தந்தையாருடன் சிறு வயதிலேயே புதுச்சேரிக்கு வந்தவர் அவர். 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், அதாவது நள வருடத்து ஆவணி மாதத்தில், ஏடு ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. தலைமைத் துபாசியாகவும் ஆகவில்லை. எழுதும்படி யாரும் கட்டளையிடவில்லை. அச்சிடும் எண்ணமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தாம் கண்டதையும் கேட்டதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும் எழுதி வைக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். சில இடைவெளிகளைத் தவிர இருபத்தைந்து ஆண்டுக்காலம் இப்பணி நடந்தது. இலண்டன் மாநகரத்துச் சாமுவேல் பெப்பிசு எழுதிய நாட்குறிப்பை உலகமே கொண்டாடுகிறது. அது 1660 முதல் 1669 வரை எழுதப்பட்டது, பத்தாண்டுக்கும் குறைவு. பெப்பிசு தம் குறிப்பைப் பிறர் எளிதில் படிக்க முடியாதபடி சுருக்கெழுத்தில் எழுதினார். நம்மவரோ கடைத்தெருவில் பேசுகிற தமிழிலேயே எழுதினார்.

அந்தத் தமிழைப் பற்றி ஒரு சொல். இலக்கணம் கற்ற நீங்கள் அதைப் படித்தால் முதலில் முகஞ்சுளிப்பீர்கள். நானும் சுளித்தேன். வாக்கியம் முடிவே இல்லாமல் நீளும். பாரசீகமும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் தமிழோடு கலந்து ஓடும். ஆனால் நாற்பது பக்கம் சென்றபின் ஒரு வியப்பு நிகழும். எழுத்து மறைந்து குரல் கேட்கத் தொடங்கும். ஆளுநர் துய்ப்ளே கோபித்துக்கொள்கிறார். வணிகர் ஒருவர் தலையைச் சொறிகிறார். தூதன் ஒருவன் வியர்வையோடு ஓடி வருகிறான். அக்காலப் புலவர்கள் பிள்ளையைப் புகழ்ந்து நூல்கள் இயற்றியிருக்கிறார்கள். தியாகராய தேசிகர் 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். வடமொழியில் சீனிவாச கவி 1752இல் 'ஆனந்தரங்க விஜய சம்பு' இயற்றினார். பரிசில் பெற்ற அந்நூல்களை இன்று ஆராய்ச்சியாளர் மட்டுமே தேடுகின்றனர். பிள்ளை தம் மனநிறைவுக்காகக் கிறுக்கி வைத்த கணக்குப்பிள்ளைத் தமிழையோ உலக வரலாற்றாசிரியர் அனைவரும் புரட்டுகின்றனர்.

இனி, அந்த ஏட்டைக் கையிலேந்தி நகரைச் சுற்றி வருவோம்.

பெரிய மார்க்கெட்டுக்கு அருகில், ரங்கப்பிள்ளை வீதியிலேயே, பிள்ளையின் மாளிகை நிற்கிறது. கீழ்த்தளத்தில் நம் நாட்டுத் தச்சர் செதுக்கிய மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணியில் சுதை பூசிய வெண்தூண்கள். துபாசியின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. அங்கிருந்து அதே வீதியில் கிழக்கு நோக்கி நடவுங்கள். பெரிய வாய்க்காலைக் கடக்க வேண்டும். ஐரோப்பியர் வாழ்ந்த பகுதிக்கும் தமிழர் வாழ்ந்த பகுதிக்கும் இடையே எல்லையாக ஓடியது அந்த வாய்க்கால்தான். கடந்தபின் அதே வீதி உங்களை ராஜ்நிவாசுக்கும் பாரதி பூங்காவுக்கும் கொண்டுபோய் விடும். துபாசியின் பெயர் தாங்கிய வீதி ஆளுநர் வாயிலில் சென்று முடிகிறது! பெயரிட்டவர்கள் இதை எண்ணி இட்டார்களோ, தற்செயலோ, எனக்கு இது பெரிதும் பிடித்த பொருத்தம்.

பாரதி பூங்காவில் மாணவர் அனைவரும் ஆயி மண்டபத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தது; பிள்ளை அதைக் கண்டதில்லை. அவர் நாள்தோறும் கண்டது அவ்விடத்தில் இருந்த லூயி கோட்டையை. அக்கோட்டையின் ஒரு கல்லேனும் இன்று அங்கே நிற்கவில்லை. பூங்காவின் புல்தரையில் அமர்ந்து, கப்பல் வந்ததும் முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கையைப் பிள்ளை எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். காணாத கோட்டை கண்முன் எழும்.

மேற்கே திரும்பி மிஷன் வீதிக்கு வந்தால் மாதா கோயில் ஒன்று உயர்ந்து நிற்கிறது. ஊர் மக்கள் அதைச் சம்பா கோயில் என்பர். இயேசு சபையாரின் பழைய ஆலயம் புனித பவுலின் பெயரால் அமைந்தது; 'சான் பவுலோ' என்பதே மக்கள் நாவில் சம்பா ஆயிற்று. அந்த ஆலயத்தின் அருகே அக்காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஆங்கிலத் தளபதி பொஸ்கவென் நகரை முற்றுகையிட்டிருந்தார். அந்தப் போர்க் குழப்பத்தினிடையே, செப்டம்பர் மாதத்தில், பிரெஞ்சு ஆட்சியாளரின் ஆணையால் அக்கோயில் இடிக்கப்பட்டது. இன்று காந்தி வீதியில் நீங்கள் வணங்கும் வேதபுரீசுவரர் கோயில் பின்னர் எழுந்தது.

இந்த நாள்களின் குறிப்பே ஏடு முழுவதிலும் படிக்க மிகக் கடினமான பகுதி என்பேன். எழுதுகிறவர் யார்? இடிக்க ஆணையிட்ட ஆட்சியின் தலைமைத் துபாசி. வந்து முறையிடுகிறவர் யார்? அவருடைய சொந்த மக்கள். தாம் என்ன சொன்னோம், மகாநாட்டார் என்ன சொன்னார்கள், அவர்களிடையே ஒற்றுமை எப்படிக் குலைந்தது என்பதையெல்லாம் அவர் வேதனையோடு எழுதுகிறார். தம்மால் தடுக்க முடியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவர் இன்னும் துணிந்திருக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. நானும் சில இரவுகள் அப்படி எண்ணியதுண்டு. ஆனால் அவரைக் குற்றம் சாட்டுவதற்குரிய சான்றையும் நமக்கு அவரே தந்திருக்கிறார் என்பதை மறக்கலாகாது.

பிள்ளை குறையற்றவர் அல்லர். தம்மைப் பிறர் புகழ்ந்த சொற்களை ஒன்று விடாமல் எழுதுவார். பகைவரைப் பற்றியும் துய்ப்ளேயின் மனைவியாரைப் பற்றியும் அவர் எழுதியுள்ளவற்றை ஒருபக்கச் சாட்சியாகவே கொள்ள வேண்டும். நாளும் கோளும் பார்த்து, தமக்கு வரவிருக்கும் உயர்வை எண்ணி மகிழ்வார். இவற்றையும் உள்ளபடி எழுதியதால்தான் அவர் நமக்கு உயிருள்ள மனிதராகத் தோன்றுகிறார்.

துய்ப்ளே 1754இல் பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். 1756இல் பிள்ளையும் பதவி இழந்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூர்ப் பக்கத்து ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினக் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். அதற்குப் பழிவாங்கும் நாள் விரைவில் வந்தது. நெடிய முற்றுகைக்குப்பின் பசியால் வாடிய புதுச்சேரி 1761 ஜனவரியில் அயர் கூட்டிடம் சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே ஜனவரியில்தான். அதன்பின் ஆங்கிலேயர் கோட்டையையும் மதிலையும், துய்ப்ளே கட்டிய அழகிய ஆளுநர் மாளிகையையும், வெள்ளை நகரத்தையும் தரைமட்டமாக்கினர். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தவை இடிபாடுகளே. இன்று நீங்கள் "துய்ப்ளே காலத்து வீதி" என்று எண்ணி வியக்கும் மஞ்சள் சுவர்க் கட்டடங்கள் அதற்குப் பின்னர் எழுந்தவை. கல்லால் கட்டிய நகரம் போயிற்று. காகிதத்தில் இருந்த நகரம் தப்பியது.

அதுவும் எளிதாகத் தப்பிவிடவில்லை. எண்பத்தைந்து ஆண்டுகள் அந்த ஏடுகளை யாரும் பொருட்படுத்தவில்லை. 1846இல் கல்லுவா மொம்பிரேன் என்ற புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார். எதுவார் ஆரியேல் என்பவரும் ஒரு படி எடுத்தார். அது பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை சென்னை அரசினரால் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிடப்பட்டது. தமிழ் மூலமோ 1948இல்தான் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது. தமிழில் எழுதப்பட்ட நூலை ஆங்கிலேயர் படித்து முடித்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தமிழர் படிக்க நேர்ந்தது! பின்னாளில் புதுச்சேரி எழுத்தாளர் பிரபஞ்சன் இந்த நாட்குறிப்பை அடித்தளமாகக் கொண்டு புதினங்கள் படைத்தார். அவற்றுள் 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

எழுதும் வழக்கம் பிள்ளையோடு நின்றுவிடவும் இல்லை. அவர் குடும்பத்தாரும் நாட்குறிப்பு எழுதினர். இரண்டாம் வீராநாயக்கர் என்பவர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பும் அச்சாகியிருக்கிறது. பாரதியார் 1908 முதல் 1918 வரை இவ்வூரில் தங்கிக் குயிலையும் கண்ணனையும் பாஞ்சாலியையும் பாடியதை நீங்கள் அறிவீர்கள். அவர் வாழ்ந்த வீட்டையும் சுற்றுலாவில் பார்க்கிறீர்கள். பாரதியைப் போலப் பாட எல்லோராலும் இயலாது. வீராநாயக்கரைப் போல எழுத இயலும்.

ஆகவே அடுத்த முறை வரும்போது ஒரு சிறிய குறிப்பேடு கொண்டு வாருங்கள். கைப்பேசியில் படம் எடுப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் படத்தில் விலை தெரியாது, பேச்சு கேட்காது. எந்த வீதியில் எந்த மணிக்கு நின்றீர்கள், யாரிடம் என்ன கேட்டீர்கள், அவர் சொன்ன சொல் எது என்பதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். நாளும் மாதமும் ஆண்டும் இடுங்கள். "கண்டு களித்தோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் உங்கள் தெருவைப் பற்றி வாரம் ஒரு பக்கம் எழுதி வாருங்கள். ஆசிரியர் மதிப்பெண் குறைத்தால் அதையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள் பெரிய மார்க்கெட்டுக்குச் சென்றிருந்தேன். வஞ்சிரம் விலையைக் கேட்டு என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் 1985ஆம் ஆண்டு விலையையும் எழுதலாம் என்று பார்த்தேன். அம்மாணவனின் ஏட்டை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் இட்ட நான்கு மதிப்பெண் நினைவிருக்கிறது; அவன் எழுதியிருந்த விலை நினைவில்லை.