வாக்குச்சீட்டினால் மீட்ட மைதானம்

‘கழகம்’ என்ற சொல்லை இன்று நாம் கற்றோர் அவைக்கும் விளையாட்டுச் சங்கத்துக்கும் வழங்குகிறோம். வள்ளுவரோ ‘சூது’ அதிகாரத்திலே அதனைச் சூதாடும் இடம் என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். உயர்தர வகுப்பிலே இச்சொல்லை விளக்கும்போதெல்லாம், லண்டன் மாநகரின் தென்கிழக்கிலுள்ள சார்ல்டன் அத்லெற்றிக் என்ற உதைபந்தாட்டக் கழகம் என் நினைவுக்கு வருவதுண்டு. ஒரு கழகம் யாருக்கு உரியது? பணம் கொடுத்து வாங்கியவருக்கா, அல்லது தலைமுறை தலைமுறையாக அதைச் சூழ்ந்து நின்ற ஊருக்கா? இவ்வினாவை அவ்வூர் மக்கள் தேர்தல் களத்துக்கே கொண்டு சென்றார்கள்.

1905ஆம் ஆண்டிலே தோன்றியது அக்கழகம். 1919இல் கைவிடப்பட்ட ஒரு பழைய அகழ்குழியைத் தொண்டர்களின் உழைப்போடு சீர்செய்து மைதானமாக்கினார்கள். பள்ளமான நிலமாகையால் அதன் பெயரும் ‘வலி’, அதாவது பள்ளத்தாக்கு என்றாயிற்று. 1938இல் ஒரு கிண்ணப் போட்டியைக் காண 75,031 பேர் அங்கே திரண்டனர் என்றால், ஊருக்கும் மைதானத்துக்கும் இருந்த பிணைப்பு விளங்கும்.

அந்தப் பிணைப்பை அறுத்தது ஓர் உறுதிப் பத்திரமே. 1982இல் கழகம் கைமாறியபோது, மைதானக் காணி மட்டும் பழைய உரிமையாளரிடமே தங்கிவிட்டது. 1984இல் கடன் முற்றிக் கழகம் மூடப்படும் நிலைக்கு வந்து, புதியவர்களால் காப்பாற்றப்பட்டது. 1985 மே மாதத்தில் பிராட்போர்ட் மைதானத் தீ 56 உயிர்களைக் குடித்தது. அதன் பின்னர் பாதுகாப்பு விதிகள் இறுக, வலியின் பிரமாண்டமான கிழக்குத் திடல் மூடப்பட்டது. காணிக்காரரும் ஒரு பகுதி நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். உரிமையாளர்கள் இரசிகர்களைக் கலந்து பேசவில்லை. கிரிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹேர்ஸ்ட் பார்க் மைதானத்துக்குக் குடிபெயர்வதாக அவர்கள் அறிந்தது, வாயிலிலே நீட்டப்பட்ட ஒரு துண்டுப்பிரசுரத்தின் மூலமே! செப்டெம்பர் 21ஆம் நாள் ஸ்டோக் சிற்றியுடன் நடந்த ஆட்டமே அங்கே இறுதி ஆட்டமாயிற்று. மக்கள் மைதானத்துள் இறங்கி அமர்ந்து எதிர்ப்பைக் காட்டினார்கள்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அயலான் மைதானத்தில் ஆடிக்கொண்டே அக்கழகம் 1986இல் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. வெற்றி வந்தால் வீட்டை மறந்துவிடுவார்கள் என்று எவரேனும் எண்ணியிருந்தால் அவர்கள் ஏமாந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையொன்று கையெழுத்து வேட்டை நடத்தியது. 1988இல் இரசிகர்கள் ‘வொய்ஸ் ஒஃப் த வலி’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார்கள். கழக நிருவாகமும் மாறியது. காணியும் கழகமும் மீண்டும் ஒன்றாயின. 1989 மார்ச்சில் வூல்விச் நகர மண்டபத்திலே, வீடு திரும்புவோம் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே மக்கள் கத்தியும் மண்வெட்டியுமாகச் சென்று, காடு மண்டிக் கிடந்த மைதானத்தைத் துப்புரவு செய்தனர். நம் வழக்கிலே சொன்னால், அது ஒரு சிரமதானம்.

ஆயினும் 1990 சனவரியில் கிறீன்விச் நகரசபை புனரமைப்புத் திட்டத்தை நிராகரித்தது. சபையின் பக்கமும் நியாயமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. திட்டத்தில் வணிகக் கட்டடங்கள் இருந்தன. அயலில் வசித்தோரின் ஆட்சேபங்களும் இருந்தன. ஆனால் இரசிகர்கள் கல்லெடுக்கவில்லை; கட்சி அமைத்தார்கள். ‘வலிக் கட்சி’ என்ற பெயரில், மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் 60 வேட்பாளர்களை நிறுத்தினார்கள். தம்மை ஆதரித்து வாக்களித்த இரு உறுப்பினர்களை எதிர்த்து மாத்திரம் எவரையும் நிறுத்தவில்லை. எதிர்ப்பிலும் நன்றி மறவாத இப்பண்பு என்னைப் பெரிதும் கவர்ந்தது.

கிடைத்த வாக்குகள் 14,838. ஏறக்குறைய நூற்றுக்குப் பதினொன்று. ஆசனம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் திட்டக் குழுவின் தலைவர் தம் ஆசனத்தை இழந்தார். கணக்கிலே தோல்வி, கருத்திலே வெற்றி. 1991இல் அனுமதி கிடைத்தது. இடையில் வெஸ்ட் ஹாம் கழகத்தின் மைதானத்திலும் ஒதுங்கியிருந்து, இரசிகர்களும் பணம் முதலிட்டுக் கைகொடுக்க, 1992 டிசெம்பர் 5ஆம் நாள் கழகம் வீடு திரும்பியது. போர்ட்ஸ்மத் அணிக்கெதிராகக் கொலின் வோல்ஷ் அடித்த ஒரே கோல் வெற்றி தந்தது.

எல்லா ஊருக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. விம்பிள்டன் கழகத்தை மில்ற்றன் கீன்ஸ் நகருக்குக் கொண்டு செல்ல 2002இல் ஓர் ஆணைக்குழு அனுமதித்தபோது, இரசிகர்கள் தமக்கென வேறொரு கழகத்தையே படைத்தார்கள். அக்கழகம் பிளவ் லேன் வீதியிலே மீண்டும் மைதானம் கண்டது 2020இல்.

மைதானம் மீண்டதோடு சார்ல்டன் மக்களின் வழக்கும் முடிந்துவிடவில்லை. 2016இல், தத்தம் உரிமையாளர்மீது வெறுப்புற்றிருந்த சார்ல்டன், கொவென்ட்ரி இரசிகர்கள் ஒன்றுசேர்ந்து, அதே வலி மைதானத்திலே பிளாஸ்ரிக் பன்றிப் பொம்மைகளை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். உரிமையாளர்கள் வருவார்கள், போவார்கள். ஆனால் 14,838 வாக்குகளைக் கண்ட ஊரிலே, இரசிகனை வெறும் நுழைவுச்சீட்டு வாங்குபவனாக எண்ணிவிடுவது எவருக்கும் எளிதன்று.