வண்டியில் கை வைத்தால் வாரண்டி போய்விடுமா? எண்ணூர் லாரி முதல் திருவள்ளூர் கார் வரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடியும் நேரத்தில் ரோட்டோரம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். வெளியே வரும் பைக்குகளில் ஷோரூமில் இருந்து வந்த மாதிரியே இருப்பவை ரொம்பக் குறைவு. ஒன்றில் எல்.இ.டி. விளக்கு, ஒன்றில் வேறு ஹாரன், இன்னொன்றில் டபடபவென்று கத்தும் சைலன்சர். எல்லாம் மாதத் தவணையில் வாங்கிய வண்டிகள். ஒருநாள் எஞ்சினில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால் அங்கே ஒரே வரியில் பதில் வரும்: "வெளியில ஒயரிங்ல கை வச்சிருக்கீங்க, வாரண்டி கிடையாது."

விளக்கு மாட்டியதற்கும் எஞ்சின் கெட்டதற்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் பாதி இந்தப் பகுதியிலேயே நடந்தது என்பதுதான் ஆச்சரியம்!

எண்ணூரில் தொடங்கிய கதை

கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் எண்ணூரில் 1948ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றார்கள். பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு கூட்டு வந்தது. 1955ல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது.

நம் நாட்டில் லாரி விற்பனை நெடுங்காலமாக நடந்த விதம் கார் விற்பனை மாதிரி அல்ல. கம்பெனி கொடுப்பது சேஸ் மட்டும்தான். அதாவது எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், சக்கரம், இவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம். வாங்கியவர் அதை நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ஓட்டிக்கொண்டு போய் பாடி கட்டிக்கொள்வார். பஸ் என்றால் கரூர். மரம், தகரம், வெல்டிங், பெயின்ட் எல்லாம் வெளி ஆட்களின் வேலை. இன்றைய வார்த்தையில் சொன்னால் வண்டியில் பாதிக்கு மேல் 'மாடிஃபிகேஷன்'!

ஆனாலும் கம்பெனி வாரண்டி தந்தது. எப்படி? பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் போனால் கம்பெனி பார்க்கும். பாடி விரிசல் விட்டால் பாடி கட்டியவர் பார்க்க வேண்டும். டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனிகள் பொறுப்பு. கூடவே பாடி கட்டுபவர்களுக்கு விதிமுறைகளும் உண்டு. சேஸ் சட்டத்தில் கண்ட இடத்தில் துளை போடக்கூடாது, வெல்டிங் வைக்கக்கூடாது. அதை மீறி சட்டம் உடைந்தால் சட்டத்துக்கு வாரண்டி இல்லை. அதற்காக ரேடியேட்டர் வாரண்டியும் போனது என்று யாரும் சொல்ல முடியாது.

எது எதனால் கெட்டதோ அதற்கு மட்டும் கணக்கு. லாரிக்காரர்களுக்கு இது பழகிப்போன நியாயம்.

திருவள்ளூரில் இருந்து வந்த கார்

1998ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் திருவள்ளூர் ஆலையில் இருந்து மிட்சுபிஷி லான்சர் காரை வெளியிட்டது. அந்தச் சமயத்தில் உலக ராலி போட்டிகளில் லான்சர் எவோல்யூஷனை ஓட்டி டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை சாம்பியன் ஆனார். இங்கே விற்றது சாதாரணக் குடும்பக் கார்தான். இருந்தாலும் பெயர் ஒன்றுதானே! அலாய் வீல், ஸ்பாய்லர், அகலமான டயர் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

இங்கேதான் இரண்டு வழக்கங்கள் மோதின. லாரியை வெளியில் கொடுத்து வேலை செய்வது இயல்பு. காரோ முழுசாக, பூட்டிய பெட்டி மாதிரி வருகிறது. கார் கம்பெனிகளின் வாரண்டி புத்தகத்தில் பொதுவாக இருந்த வாசகத்தின் சாரம் இதுதான்: வெளி மெக்கானிக்கிடம் போனாலோ, வேறு உதிரிபாகம் போட்டாலோ, மாற்றம் செய்தாலோ வாரண்டி ரத்து. எந்த பாகத்துக்கு என்ற பேச்சே இல்லை. ஒரு நூல் அறுந்தால் மாலையே உதிர்ந்த கதை.

அமெரிக்காவில் 1975லேயே மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் வந்துவிட்டது. எங்கள் பிராண்ட் பாகத்தைப் போட்டால்தான் வாரண்டி என்று கம்பெனி நிபந்தனை வைக்க அது பொதுவாக அனுமதிப்பதில்லை. இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை.

2014: பதினான்கு கம்பெனிகள்

திருப்பம் 2011ல் தொடங்கியது. உதிரிபாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் கார் கம்பெனிகள் பூட்டி வைக்கின்றன என்று ஒரு வாடிக்கையாளர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். முதலில் மூன்று கம்பெனிகள் மேல் இருந்த புகார், விசாரணையில் விரிந்துகொண்டே போனது.

2014 ஆகஸ்ட் 25ல் வந்த உத்தரவில் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம். டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346.46 கோடி. மாருதிக்கு 471.14 கோடி. பட்டியலில் திருவள்ளூர் ஆலையில் இருந்து லான்சரை வெளியிட்ட இந்துஸ்தான் மோட்டார்ஸும் இருந்தது, 13.85 கோடி. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய்க்கு 2015ல் தனி உத்தரவில் 420.26 கோடி.

அபராதத்தை விட முக்கியமானது அந்த உத்தரவில் இருந்த ஒரு கட்டளை. வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம். எண்ணூர் லாரியின் பழைய நியாயம்தான் இது!

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. சிலர் மேல்முறையீடு, சிலர் உயர் நீதிமன்றம் என்று போனார்கள். டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் தவறு நடந்ததை உறுதி செய்தது, ஆனால் அபராதத்தைக் குறைத்தது.

பழுது வேறு, மாற்றம் வேறு

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். அந்த உத்தரவு கார்களைப் பற்றியது, அதிலும் பழுது பார்ப்பதைப் பற்றியது. 'ஆசைக்கு மாற்றுவது' வேறு கதை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவு 2000ல் திருத்தப்பட்டது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புக்கில் உள்ளதற்கும் முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்றது திருத்தம். அங்கீகரிக்கப்பட்ட கேஸ் கிட் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவில் இருந்து வந்த வழக்கில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை.

ஆக ஒரே சைலன்சரை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்ப்பார்கள். போலீஸ் சத்தத்தைப் பார்ப்பார், ஆர்.டி.ஓ. ஆர்.சி. புக்கைப் பார்ப்பார், கம்பெனி வாரண்டி புத்தகத்தைப் பார்க்கும். ஒருவர் விட்டுவிட்டார் என்பதால் மற்றவர் விட வேண்டும் என்றில்லை. சட்டப்படி தவறில்லாத மாற்றத்துக்கும் வாரண்டியில் சிக்கல் வரலாம்.

இன்னொரு வேடிக்கை. 1955ல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் புல்லட் செய்த ராயல் என்ஃபீல்டு, இன்று தானே கிராஷ் கார்டு, சீட், கண்ணாடி என்று விற்கிறது. கம்பெனி விற்றதை மாட்டினால் பிரச்னை இல்லை. ரோட்டோரக் கடையில் வாங்கினால் கேள்வி. தரம், பாதுகாப்பு என்ற காரணத்தில் நியாயம் இருக்கிறது. வியாபாரமும் இருக்கிறது.

மிச்சம் இருக்கும் கேள்வி

ஒயரை வெட்டி ஒட்டி விளக்கு மாட்டி, அந்த ஒயர் உருகினால் அது மாட்டியவரின் தவறுதான். கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைக் காட்டி கியர்பாக்ஸ் வாரண்டியை மறுத்தால், "இதனால்தான் அது கெட்டதா?" என்று கேட்கலாம். வாய்ப்பேச்சில் விடாமல் மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும். மாற்றம் செய்த கடையின் பில்லையும், கழற்றிய பழைய பாகத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். திருவள்ளூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்க 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழியும் இருக்கிறது.

பல மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய வண்டி. அதன் வாரண்டி ஒரு விளக்குக்காக மொத்தமாகப் போய்விடக்கூடாது. இதை எண்ணூர் சேஸை வாங்கி நாமக்கல்லில் பாடி கட்டிய லாரிக்காரர் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார். கார், பைக் வாங்குபவர்களுக்குத்தான் இன்னும் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.