வீடு வாடகைக்கு விடுறீங்களா? சாவி கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

டு-லெட் போர்டு மாட்டிய அன்றே நாலு போன் வந்துவிடும். யாருக்குச் சாவியைக் கொடுப்பது என்பதில்தான் தலைவலியே. திருச்சி - கரூர் சாலையில் உள்ள ஜீயபுரம் மாதிரி ஊர்களில், மாடி போர்ஷன் வாடகையை நம்பி மாதச் செலவைப் பார்க்கும் வயதானவர்கள் உண்டு. மூணு மாசம் வாடகை நின்றால் மருந்து வாங்கவே திண்டாட்டம்தான்.

கேட்க வேண்டிய கேள்வி எது?

ஸ்ரீரங்கம் பக்கம் வீடு தேடினால் 'சைவமா? நீங்க எந்த ஆளுங்க?' என்று ஆரம்பிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சாதிக்கும் சாப்பாட்டுக்கும் ஒண்ணாம் தேதி வாடகை வருவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை வைத்து ஆளை எடைபோட்டால் ஒழுங்காக வாடகை கொடுக்கக்கூடிய குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

எங்கே வேலை, எத்தனை வருஷமா, எத்தனை பேர் தங்குவாங்க, இப்போ இருக்கும் வீட்டை ஏன் காலி செய்றாங்க? இதைக் கேளுங்கள். வாடகை, மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 24,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 8,000 ரூபாய் வாடகை தாங்கும். 12,000 என்றால் சில மாதங்களிலேயே இழுபறி வரலாம். கடை வைத்திருப்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் போதும்.

பழைய ஓனர் சொல்வதை நம்பலாமா?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. இப்போதைய ஓனர், 'காலி பண்ணினால் போதும்' என்ற எண்ணத்தில் 'தங்கமான மனுஷன்' என்று சொல்லிவிடலாம். அதனால் அதற்கும் முந்தைய ஓனரிடம் பேசுங்கள். 'திரும்பி வந்தா மறுபடி வீடு கொடுப்பீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் யோசித்தாலே விஷயம் புரிந்துவிடும்.

தண்ணி வருதா, மோட்டார் ஓடுதா என்றுகூடப் பார்க்காமல் 'பத்து மாச அட்வான்ஸ் இப்பவே தர்றேன்' என்று அவசரப்படுபவரிடமும் கொஞ்சம் உஷார்.

போலீஸுக்குத் தகவல்

2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட 5 பேர் சென்னை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டனர். அதையடுத்துதான் வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லி சென்னை போலீஸ் கறார் காட்டியது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கட்டணம் கட்டி, ஒருவர் மீது வழக்கு இருக்கிறதா என்று சரிபார்க்கும் வசதியும் உண்டு. அடையாளத்துக்கு, முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' நகல் வாங்கினால் போதும்.

11 மாத ஒப்பந்தம் போதுமா?

'11 மாசம்னு எழுதினா பதிவே வேண்டாம்' என்பது பலரின் நம்பிக்கை. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் 90 நாட்களுக்குள் பதிவு செய்யவும் வேண்டும். இது நகர்ப்புறங்களுக்கான சட்டம். உங்கள் வீடு கிராம ஊராட்சி எல்லையில் இருந்தால், பதிவு பற்றி கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்து ஒப்பந்தத்தை மட்டும் எங்கேயும் விட்டுவிடாதீர்கள்.

வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 2 மாத பாக்கியை, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் காலி செய்யக் கோரி மனு போடலாம். கெடு முடிந்தும் வெளியேறாமல் இருந்தால் இரட்டிப்பு வாடகை கேட்கும் உரிமையும் இருக்கிறது. ஆனால் கோபத்தில் கரண்டை நிறுத்துவது, தண்ணி வால்வை மூடுவது எல்லாம் சட்டப்படி தவறு. அப்படிச் செய்தால் பாக்கி வைத்தவர் புகார்தாரராக மாறி, நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சாவி கொடுக்கும் நாளில் ஈபி மீட்டர் ரீடிங், சுவர், குழாய், ஃபேன் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்து, இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்ற பேச்சு வந்தால், அந்தப் போட்டோக்களைக் காட்டிப் பேசலாம்.