ஹைடல்பர்க் கண்ட இந்திய வீரர்

1972-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலே, மராத்திய வீரர் ஒருவர் 50 மீட்டர் தூரத்தை 37.33 விநாடிகளில் நீந்திக் கடந்து, தம் பிரிவில் உலக சாதனையுடன் தங்கப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக்கிலாயினும் பாராலிம்பிக்கிலாயினும் தனியொருவராய்த் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவரே. அவர் பெயர் முரளிகாந்த் பேட்கர். மகாராஷ்டிரத்தை வாழ்விடமாகக் கொண்டு தலைமுறைகள் கண்டுவிட்ட நம்முள் எத்தனை பேர் அப்பெயரை அறிந்திருந்தோம்?

சாங்லி மாவட்டத்தில் 1944-இல் பிறந்த பேட்கர், இளமையிலேயே இராணுவத்திற் சேர்ந்து, குத்துச்சண்டையிற் பெயர் பெற்றவர். 1965-ஆம் ஆண்டுப் போரில் காஷ்மீரத்தில் குண்டடிபட்டார். இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போயிற்று. பம்பாய்க் கடற்படை மருத்துவமனையில் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே அவரை நீரில் இறக்கினர். தரையில் உடலைத் தாங்க மறுத்த கால்கள் நீரிலே பெரும் பாரமாகவில்லை. தோள்களோ குத்துச்சண்டையால் உரம் ஏறியவை.

இவ்விளையாட்டு விழாவின் பிறப்பும் இத்தகையோரை முன்னிட்டதேயாகும். 1948-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில், தண்டுவடம் சிதைந்த போர்வீரர்களுக்கென டாக்டர் லுட்விக் குட்மன் தொடங்கிய வில்வித்தைப் போட்டியே பின்னர் பாராலிம்பிக்காக வளர்ந்தது. பேட்கர் 1968-இல் டெல் அவிவ் சென்று மேசைப்பந்து ஆடினார், பதக்கம் கிட்டவில்லை. நான்காண்டு கழித்து நீச்சலில் வென்றார். அவ்வாண்டு ஒலிம்பிக் நடந்தது மியூனிக்கில். அங்குள்ள வீரர் குடியிருப்பு பிறருக்கு வீடுகளாக மாற்றப்பட இருந்தமையால், பாராலிம்பிக் ஹைடல்பர்க்குக்குச் சென்றது. வெற்றியாளரின் புகழ் தாயகம் வந்து சேராமற்போனதற்கு இவ்வூர் மாற்றம் காரணமன்று. கேட்கும் செவி இங்கில்லை என்பதே நம் கருத்து.

பின்னர் பேட்கர் புனேயில் டெல்கோ ஆலையில் பணியேற்றார். நம்மவர் பலரும் அவ்வாலையில் உழைத்தவர்களே. ஒரே வாயிலில் நுழைந்தவர்களும் இருந்திருக்கக் கூடும். 1982-இல் அர்ஜுனா விருதுக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. அதன்பின் நெடுங்காலம் மௌனந்தான்.

இங்கே நம் சேலத்துப் பிள்ளை மாரியப்பன் தங்கவேலுவை நினைக்கிறோம். 2016-இல் ரியோ நகரில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். மறு ஆண்டே பத்மஸ்ரீ பெற்றார். நாமும் இனிப்பு வழங்கி மகிழ்ந்தோம். பேட்கருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2018-இல். ஒருவருக்கு ஓராண்டு, மற்றவருக்கு நாற்பத்தாறு ஆண்டு! மாரியப்பனின் பேற்றில் நமக்குப் பெருமையே. ஆயினும் இக்கணக்கு நெஞ்சை உறுத்துகிறது. 2024-இல் அவர் வரலாறு 'சந்து சாம்பியன்' என்னும் இந்தித் திரைப்படமாயிற்று. 2025 ஜனவரியில், எண்பது வயதில், வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருதைக் குடியரசுத் தலைவர் கையாற் பெற்றார்.

நம் சங்கத்துச் சிறுவர் வினாடி வினாவில், தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியர் யார் என்ற வினாவுக்கு, 'அபினவ் பிந்த்ரா, 2008' என்றே விடை எழுதி வந்தோம். ஒலிம்பிக்கைப் பொறுத்தமட்டில் அது சரியே. இவ்வாண்டு விடைத்தாளில் அவ்வரிக்கு மேலே 'பாராலிம்பிக், முரளிகாந்த் பேட்கர், 1972' என்று சேர்த்திருக்கிறோம்.