பெர்த் – கொக்கல: ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இன்னைக்கு எங்கேயும் இறங்காமப் போகலாம். 2018 மார்ச்சில் தொடங்கின சேவை அது. சுமார் 14,500 கிலோமீட்டர், ஏறக்குறைய 17 மணி நேரம். ஆனா 1943-ல் அதே பெர்த்திலிருந்து இலங்கைக்கு வரவே ஒரு பகலும் ஓர் இரவும் போதலை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. தீவு தீவா இறங்கி எரிபொருள் நிரப்பிக்கிட்டுப் போன பழைய வான்வழி அத்தோட அறுந்துபோச்சு. மிச்சம் இருந்தது இந்தியப் பெருங்கடல் மட்டும்தான். பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து காலி பக்கத்தில் இருக்கிற கொக்கல ஏரி வரைக்கும் சுமார் 5,600 கிலோமீட்டர். அந்த வழியில் 1943 ஜூலையில் குவாண்டாஸ் இறக்கியது கேடலினா என்ற கடல் விமானத்தை.

கணக்குப் போட்டுப் பாருங்க. கேடலினாவின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். 5,600-ஐ 200-ஆல் வகுத்தா 28 மணி நேரம். ஆனா வானத்துல கணக்கு அவ்வளவு நேரா வராது. எதிர்க்காற்று அடிச்சா நேரம் கூடும். அதிகபட்சமா 32 மணி 9 நிமிஷம் பறந்திருக்காங்க.

எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுறது வேகம் இல்லை, எடை. கிட்டத்தட்ட 9,000 லிட்டர் எரிபொருள் ஏத்தணும். அதுக்காகத் தேவையில்லாத பாரம் எல்லாத்தையும் கழட்டிட்டாங்க. அப்புறமும் மூணு பயணிகள், சுமார் 69 கிலோ தபால், அவ்வளவுதான் இடம். கிளம்பின முதல் பல மணி நேரத்துல ஒரு எஞ்சின் நின்னா, மிச்ச ஒண்ணால அந்த எடையைத் தாங்க முடியாது. கடல்ல இறங்க வேண்டியதுதான்.

ஜப்பானிய விமானங்கள் எட்டக்கூடிய பகுதியை இருட்டுல கடக்கிற மாதிரி கிளம்பும் நேரத்தை வெச்சாங்க. ரேடியோவிலும் மௌனம். அப்போ வழி? நட்சத்திரம். ஐந்து விமானங்களுக்கும் அல்டேர், வேகா, ரிகல், அன்டாரெஸ், ஸ்பைகான்னு வழிகாட்டும் நட்சத்திரங்களோட பேரு. திசையில் ஒரே ஒரு டிகிரி பிசகி அப்படியே பறந்தா, 5,600 கிலோமீட்டர் முடிவில் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பீங்க. ஜிபிஎஸ் வெச்சுக்கிட்டே தெரு மாறிப் போற நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்!

ஒரே பயணத்துல சூரியன் ரெண்டு தடவை உதிக்கிறதைப் பார்த்தவங்களுக்கு, 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்' என்ற பேரில் ஒரு சான்றிதழ் கொடுத்தாங்க. போர்க்காலத்துலயும் யாருக்கோ குறும்பு இருந்திருக்கு. சிட்னி–லண்டன் நேரடிச் சேவைக்கான திட்டத்துக்கு குவாண்டாஸ் 'சன்ரைஸ்'னு பேர் வெச்சது இந்தப் பறப்புகளை நினைச்சுத்தான்.

1945 ஜூலையில் சேவை முடிஞ்சப்போ மொத்தம் 271 தடவை கடலைக் கடந்திருந்தாங்க. ஒரு விமானம்கூட விழலை. அமெரிக்காவிடம் கடனா வாங்கின விமானங்கள், அதனால ஒப்பந்தப்படி போருக்குப் பிறகு வெச்சுக்க முடியலை. ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய் அவங்களே கடல்ல மூழ்கடிச்சிட்டாங்க.